எச்பிவி கிருமியும் தாம்பத்தியமும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் முன்பைவிட இப்போது அதிகம். பரிசோதனை முடிந்து, 'எச்பிவி பாசிட்டிவ்' என்று ஒரு தாள் கைக்கு வந்தால் அன்று ராத்திரி வீட்டில் கிளம்பும் கேள்விகள் வேறு. டாக்டரிடம் கேட்கக் கூச்சம், வெளியே வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள், கூடவே மாமியாரும் வந்திருப்பார். அப்படிக் கேட்காமல் விட்டுப்போகிற கேள்விகள்தான் இவை. சிலவற்றைப் பேச்சுவழக்கிலேயே விட்டிருக்கிறோம்.

எச்பிவி என்றால் என்ன? எச்.ஐ.வி.யும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெயர் காதில் ஒரே மாதிரி விழுவதால் பாதிப் பேர் அங்கேயே பயந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எச்பிவி என்பது தோலிலும் உள்தோலிலும் தங்கும் ஒரு வைரஸ் குடும்பம். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் வருகிற சாதாரண மருகூட இந்தக் குடும்பத்தின் வேலைதான். சுமார் நாற்பது வகைகள் பிறப்புறுப்புப் பகுதியைப் பிடிப்பவை. அவற்றில் 6, 11 என்ற வகைகளால் பிறப்புறுப்பில் மரு வரும். அந்த மரு புற்றுநோயாக மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம். 16, 18 என்ற வகைகள்தான் கவனிக்க வேண்டியவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

"வீட்டுக்காரர் பெங்களூருல சென்ட்ரிங் வேலை. பதினைஞ்சு நாளைக்கு ஒருதடவை வருவார். எனக்கு எச்பிவி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அப்போ அவர் அங்க யார்கூடவோ பழகுறார்னுதானே அர்த்தம்?"

அப்படி அர்த்தம் இல்லை. பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒருவர் வெளியூர் வேலையில் இருக்கும் மாவட்டங்கள் இவை. சந்தேகத்துக்கு இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் அது போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இந்தக் கிருமி உடம்புக்குள் போனதும் காய்ச்சல், வலி என்று எதுவும் தெரியாது. பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். ஒருதடவை பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிப்போய், எதிர்ப்புச் சக்தி குறையும்போது மறுபடி தலைதூக்கவும் கூடும். ஆகவே இன்று பாசிட்டிவ் வந்தது போன மாதம் தொற்றியதாகவும் இருக்கலாம், பத்து வருஷத்துக்கு முன்பு, கல்யாணமான புதிதில் தொற்றியதாகவும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே அவருக்கோ உங்களுக்கோ இருந்ததாகவும் இருக்கலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. தாம்பத்திய உறவுக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருதடவையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும்.

அவர் உண்மையிலேயே வேறு யாரோடும் பழகுகிறாரா என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்தத் தாள் சாட்சி சொல்லாது, அவ்வளவுதான். யார் கொடுத்தது என்று சண்டை போட்டுத் தீர்க்கும் நேரத்தில், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டால் உங்கள் உயிருக்கு நல்லது.

"என் சம்சாரத்துக்குத்தான் வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. அப்போ அவமேல தப்புதானே?"

உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? ஆண்களுக்கு இதைக் கண்டறிய வழக்கமான பரிசோதனையே இல்லை. ரத்தத்தில் தெரியாது, சிறுநீரில் பார்ப்பதும் வழக்கமில்லை. உங்களிடமிருந்தே அவருக்குப் போயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, உங்களுக்குத் தெரியாமலேயே. மேலே சொன்ன பதில் அப்படியே உங்களுக்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம்தான்: பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறார்; ஆணுக்கு வந்தால் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அம்மா வீட்டுக்குப் போனவருக்கு மறுபரிசோதனை விட்டுப்போகிறது. உண்மையான ஆபத்து அங்கேதான்.

எப்படியெல்லாம் பரவும்?

தோலோடு தோல் உரசுவதால். உடலுறவு முழுமையாக நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிறப்புறுப்புப் பகுதித் தோல் ஒன்றோடொன்று பட்டாலே போதும். வாய்வழி உறவிலும் ஆசனவாய் வழி உறவிலும் பரவும். மரு, புண் எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோதும் பரவும்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, கைகுலுக்குவது, பஸ் சீட், ஒகேனக்கல்லில் குளிப்பது ஆகியவற்றால் இந்தத் தொற்று வருவதில்லை. பொதுக் கழிப்பறையை நினைத்தும் பயப்பட வேண்டாம். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், குழந்தையைத் தூக்கக் கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆணுறை போட்டால் தடுக்குமா?

குறைக்கும், முழுதாகத் தடுக்காது. உறை மூடாத தோல் பகுதி வழியாகவும் கிருமி போகும் என்பதுதான் காரணம். அதற்காக வீண் என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் இளம்பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. அதில், துணைவர் ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்த பெண்களுக்கு எச்பிவி தொற்று சுமார் 70 சதவீதம் குறைவாக இருந்தது. எச்.ஐ.வி., மேகநோய், வேண்டாத கர்ப்பம் எல்லாவற்றுக்கும் அது காவல்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ காப்பர் டியோ கிருமியைத் தடுக்காது. 'ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே' என்று ஆணுறையை மறந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பாசிட்டிவ் வந்த பிறகு கணவன் மனைவி சேர்ந்திருக்கலாமா?

இருக்கலாம். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்றால் கிருமி ஏற்கெனவே இருவருக்கும் பழக்கமானதுதான். இனிமேல் தள்ளிப் படுப்பதால் பெரிய லாபம் இல்லை. இரண்டு நேரங்களில் மட்டும் விலகியிருக்க வேண்டும். மரு வெளியே தெரிந்தால், அது சிகிச்சையில் போகும்வரை. கர்ப்பப்பை வாயில் சூடு வைத்தோ உறையவைத்தோ சிகிச்சை செய்திருந்தால், சுமார் நான்கு வாரம். இந்த நான்கு வாரத்தை டாக்டர் மனைவியிடம் சொல்கிறார். மனைவியால் கணவரிடம் அழுத்திச் சொல்ல முடிவதில்லை. அதனால் சிகிச்சை அன்று கணவரையும் கூட்டிப்போய், டாக்டரையே அவரிடம் சொல்லச் சொல்வது நல்லது.

எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்றா?

இல்லை. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருஷத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை, தானாகவே. மிச்சமிருக்கும் சிலருக்குத்தான் கிருமி தங்கி, கர்ப்பப்பை வாயிலுள்ள செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்கு 15 முதல் 20 வருஷம் ஆகும். நடுவில் எந்த வருஷம் கண்டுபிடித்தாலும் சின்ன சிகிச்சையில் முடிந்துவிடும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. ஆனாலும் இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு. அவகாசம் இருந்தும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

யாருக்கு வேகமாக முற்றும்? எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. அவர்கள் இன்னும் சீக்கிரம், இன்னும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை கிருமியைத் தங்கவிடும். சின்ன வயதில் உறவு தொடங்குவது, நிறையப் பிரசவங்கள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். நம் மலையோரக் கிராமங்களில் பதினெட்டு ஆகும் முன்பே தாலி கட்டிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தப் பெண்கள் முப்பதுகளிலேயே பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.

பரிசோதனை வலிக்குமா? என்ன செய்வார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது பெரும்பாலும் அசிட்டிக் அமிலப் பரிசோதனை. மறைப்புக்குப் பின்னால் ஒரு மேஜை. சேலையைத் தூக்கிவிட்டு, முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்க வேண்டும். நர்ஸ் ஸ்பெகுலம் என்ற கருவியைப் பெண்ணுறுப்பில் வைத்து விரிப்பார். கருவி சில்லென்று இருக்கும். உடம்பை இறுக்கினால்தான் வலிக்கும், வாயால் மூச்சு விட்டால் தளரும். பிறகு பஞ்சில் நனைத்த மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். கொஞ்சம் சுர்ரென்று இருக்கும், வினிகர் வாடை வரும். ஒரு நிமிஷம் காத்திருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம்.

வெள்ளை தெரிந்தால் 'கேன்சர்' என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கால்போஸ்கோப் என்ற, பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த எளிய பரிசோதனையை நம்பலாமா என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்டலாம். அங்கே கிராமத்துப் பெண்களிடம் ஒரே ஒரு சுற்று இந்தப் பரிசோதனை செய்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வு அது.

கிருமியின் மரபணுவையே தேடிப் பார்க்கும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை இதைவிடத் துல்லியம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வெள்ளை மாற்றம் சரியாகத் தெரியாது என்பதால் அவர்களுக்கு அதுதான் ஏற்றது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தன் கையால் குச்சிப் பஞ்சில் எடுத்துக்கொடுக்கும் முறையும் உண்டு. எச்பிவி பாசிட்டிவ் வந்து, மற்றது எல்லாம் சரியாக இருந்தால், டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஒரு வருஷம் கழித்து, மறுபடி பார்ப்பார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மாம்பழ சீசன், தக்காளி அறுவடை என்று தள்ளிப்போட்டால் அப்படியே மறந்துபோகும்.

"வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இனி எனக்கு எதுக்குப் பரிசோதனை? ஊர்ல என்ன பேசுவாங்க?"

கிருமி எப்போதோ வந்து தங்கியிருக்கலாம் என்று சொன்னோமே, அது உங்களுக்கும்தான் அம்மா. கணவரை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் பரிசோதனைக்கு வராமலேயே இருந்துவிடுகிறார்கள். ரத்தம் பட்டபிறகுதான் வருகிறார்கள். அறுபது வயதுவரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயது குறைந்தவர்களுக்கு: உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் 'சூடு' என்று சொல்லி வெந்தயம் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆண்களுக்கு என்ன ஆபத்து?

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மரு. அரிதாக ஆணுறுப்பு, ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய். நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையிலைதான் முதல் குற்றவாளி. ஆணுறுப்பின் முன்தோல் பின்னுக்குப் போகாமல் இறுக்கமாக இருப்பவர்கள் அதை டாக்டரிடம் காட்டிச் சரிசெய்வது நல்லது. ஆறாத புண், தடிப்பு, ரத்தக் கசிவு தெரிந்தால் மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆணோடு ஆண் உறவு உள்ளவர்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடுதல், எச்.ஐ.வி.யும் இருந்தால் இன்னும் கூடுதல். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகரிடம் தனியாகப் பேசலாம், உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பார்கள்.

மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா?

கூடாது. கழுத்து மருவுக்குச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, தலைமுடி கட்டி அறுப்பது என்று ஊர் வைத்தியம் உண்டு. பிறப்புறுப்பில் அதைச் செய்தால் தோல் வெந்து புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தோல் நோய்ப் பிரிவில் மருந்து தடவியோ, உறையவைத்தோ, மின்சூட்டில் கரித்தோ எடுப்பார்கள். எடுத்த பிறகும் சில மாதங்களில் திரும்ப வரலாம். அது புதுத் தொற்று இல்லை, பழைய கிருமி தோலில் மிச்சம் இருப்பதுதான்.

கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்குப் போகுமா?

மிக அரிது. கிருமி இருப்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் மரு பெரிதாகலாம், பிரசவத்துக்குப் பிறகு சுருங்கும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கரு தரிப்பதற்கும் எச்பிவி தடையில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தடுப்பூசி போட்டுப் பலன் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஊசி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. இதுவரை வராத வகைகளைத் தடுக்கும். உறவு தொடங்கும் முன்பு, 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன். 26 வயதுவரை போடலாம். அதற்கு மேல், 45 வரை, டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளில் வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் பலர் இந்த 26க்குள் இருப்பவர்கள். சின்ன வயதில் விட்டுப்போனவர்களுக்கு அதுதான் கடைசி நல்ல வாய்ப்பு.

புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் 2022இல் அனுமதி பெற்றது. 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளைத் தடுக்கும். ஆண், பெண் இருவருக்கும் போடலாம். சந்தைக்கு வந்தபோது ஒரு டோஸ் விலை 2,000 ரூபாய். ஒன்பது வகைகளைத் தடுக்கும் வெளிநாட்டு ஊசி அதைவிடப் பல மடங்கு. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. உங்கள் மகள் அந்த வயதை நெருங்கினால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

"ஊசி போட்டா குழந்தை பொறக்காதாமே? ஆந்திராவுல பொண்ணுங்க செத்துப்போச்சுன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு."

குழந்தை பிறக்காது என்பது பொய். ஆந்திரா விஷயம் முழுப் பொய் இல்லை, பாதிக் கதை. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிப் பெண்களுக்குப் பரிசோதனைத் திட்டமாக ஊசி போட்டார்கள். ஏழு பெண்கள் இறந்தார்கள். விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, விஷம் குடித்தது, மலேரியா என்று காரணங்கள் வந்தன; ஊசியால் இறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை, விடுதி வார்டன் கையெழுத்திலேயே போட்டிருக்கிறார்கள் என்பது நிஜம், அது கண்டிக்க வேண்டியதும்தான். அதனால் 2010இல் அரசு நாடு முழுவதும் இந்த ஊசி ஆய்வுகளை நிறுத்தச் சொன்னது.

அதிலிருந்து யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அதே சமயத்தில் இரண்டு டோஸா மூன்று டோஸா என்று பார்க்க இன்னோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். திடீரென நிறுத்தியதால் பல பெண்களுக்கு ஒரு டோஸோடு நின்றுபோனது. அவர்களைப் பத்து வருஷத்துக்கும் மேல் கவனித்ததில், ஒரு டோஸே 16, 18 வகைகளுக்கு எதிராக நன்றாகக் காத்தது தெரிந்தது. இதுபோன்ற ஆய்வுகளை வைத்துத்தான் 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுவரை ஒரு டோஸும் போதும் என்றது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

எங்கே போக வேண்டும்?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையே 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவரிடம் பிரஷர், சுகரோடு இதையும் கேட்டுவிடலாம். மேல் பரிசோதனைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவைப் பாருங்கள். புற்றுநோய் என்றே உறுதியானால் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். போனில் சந்தேகம் கேட்க 104, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கவரில் போட்டு எடுத்துப்போங்கள். போன தடவை பாசிட்டிவா நெகட்டிவா என்பது தெரியாமல் டாக்டரால் அடுத்ததை முடிவு செய்ய முடியாது.